வில்லங்கம் பார்ப்போர்

திரேஸ்புரம் கரையில் ஊளி மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் எமில்டா அந்தச் செய்தியைப் படித்தாள். ஒரு கையில் பை. மறு கையில் கைபேசி. வாட்ஸாப் குழுவில் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவன் போட்டிருந்தான். முகத்துக்குப் பதிலாக ஒரு கட்டடத்தின் படம் வைத்திருந்தான்.

'மாப்பிள்ளையூரணி கிராமம், காலஞ்சென்ற அய்யாக்குட்டி மகள் செல்லக்கனி. உயிருடன் இருக்கிறாரா? இருப்பிடம் தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் வரவும். தகவல் தருபவருக்குத் தக்க சன்மானம் உண்டு.'

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். 'அந்த ஏரியால நம்ம ஆளு இருக்காரு ப்ரோ, பாத்துக்கலாம்' என்று ஒருவன். அதற்கும் கீழே, பனித்துளி வைத்த ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம்.

அந்தப் பெயரை அவள் எங்கோ படித்திருக்கிறாள். எங்கே என்று உடனே பிடிபடவில்லை. அலைக்கும் ஏலச் சத்தத்துக்கும் நடுவே அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன மதினி, வேங்குதியளா, வேற ஆளுக்குப் போடவா?" என்றாள் மீன்காரி.

"போடு, போடு" என்று எதையோ சொல்லிவிட்டு, மீனை வாங்காமலேயே ஸ்கூட்டர் நின்ற இடத்துக்கு நடந்தாள்.

எமில்டா வக்கீல். கோர்ட்டில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வாதாடுவது குறைவு. அவள் வேலை பத்திரம் பார்ப்பது. வீடோ மனையோ வாங்குகிறவர்கள் கொண்டுவரும் கட்டைப் பிரித்து, தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பட்டா வரை வாசித்து, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பாள். இரண்டு மூன்று வங்கிகளும் அவளிடம்தான் அனுப்பும். கணவன் ஜெனோ சரக்குக் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் பாதி கடலில். பிறந்த ஊர் பெரியதாழை, இருப்பது மில்லர்புரம். பிள்ளை இல்லை. மாலை நேரங்களில் அந்த வீட்டில் பேச்சுக்குரல் என்று இருந்ததெல்லாம் கைபேசிக்குள் இருந்த அந்தக் குழுதான்.

குழுவை ஆரம்பித்தவர் செல்லப்பாண்டி. பத்திரம் எழுதுகிறவர். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே கடை. ஒருநாள் கரையான் தின்ற ஒரு பத்திரத்தைப் படம் பிடித்து, 'இந்த ஓட்டைக்குள்ள என்ன எழுத்து இருந்திருக்கும்?' என்று தெரிந்த நாலு பேருக்கு அனுப்பினார். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். சண்டை வந்தது. அந்தச் சண்டையை எல்லாரும் பார்க்கட்டும் என்று அவர் ஒரு குழு தொடங்கி, 'வில்லங்கம் பார்ப்போர்' என்று பெயர் வைத்தார். பத்திர எழுத்தர்கள், வக்கீல்கள், நில அளவையர்கள், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்கள், முத்திரைத்தாள் விற்கிறவர் ஒருவர் என்று ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வணக்கம் போடக்கூடாது, அரசியல் கூடாது, சாமி கூடாது என்பது செல்லப்பாண்டியின் சட்டம். பொங்கல் வாழ்த்துப் போட்ட மூத்த வக்கீல் ஒருவரை அவர் ஒரு நாள் முழுக்க வெளியே நிறுத்தியதும், வக்கீல் மறுநாள் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டதும் ஊரில் வெகுநாள் பேச்சாக இருந்தது.

யாராவது ஒரு பக்கத்தைப் போடுவார்கள். 'வடக்கே ஓடை என்று இருக்கிறது. அங்கே ஓடையே இல்லையே?' சற்று நேரத்தில் எங்கிருந்தோ பதில் வரும். 'ரோடு போட்டப்ப மூடிட்டாங்க சார். பாலத்துக்கு அடியில் பாருங்க, குழாய் தெரியும்.' முகம் தெரியாத ஒரு ஆள், முகம் தெரியாத இன்னொரு ஆள் ஏமாறாமல் இருப்பதற்காக வெயிலில் போய் அந்தக் குழாயைப் படமெடுத்து அனுப்புவான். எமில்டா சமையலை அடுப்பில் வைத்துவிட்டு அதையெல்லாம் வாசிப்பாள். சில நாள் சோறு அடிப்பிடிக்கும். அப்போது ஒரு குழுவில் இத்தனை பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்று வரம்பு இருந்தது. உள்ளே வர ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். நில அளவையர் ஒருவர் இறந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்புகையிலேயே ஒருவர் செல்லப்பாண்டியின் காதோடு காதாக, "அண்ணாச்சி, அவுக எடம் காலியாத்தான இருக்கு?" என்று கேட்டாராம்.

பிறகு கொரோனா வந்தது. அந்தச் சில மாதங்கள் குழுவில் பத்திரமே இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது, யாரிடம் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது என்று இரவும் பகலும் எழுதினார்கள். செத்தவர்களின் எண்களை எடுக்கச் செல்லப்பாண்டிக்கு மனம் வரவில்லை. அவை அப்படியே கிடந்தன. ஒரு வேப்பமரத்தின் படம், பேரப்பிள்ளையின் படம், மாதா படம்.

எது எப்போது மாறியது என்று எமில்டாவால் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. வில்லங்கச் சான்று வீட்டிலிருந்தே எடுக்கலாம் என்று ஆனது. வரம்பும் உயர்ந்தது. செல்லப்பாண்டி அலுத்துப்போய்க் கதவைத் திறந்து விட்டார். தரகர்கள் வந்தார்கள். மனை விற்கிறவர்கள் வந்தார்கள். பறக்கும் கேமராவில் எடுத்த தரிசு நிலங்கள் சினிமாப் பாட்டோடு வந்தன. பத்து வருஷம் தோளில் கை போட்டுப் பழகிய இரண்டு எழுத்தர்கள் எவனோ அனுப்பிய ஒரு மதச் செய்திக்காக எல்லார் முன்னிலையிலும் ஒருவரை ஒருவர் கேவலமாகத் திட்டிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் வாய் மூடினார்கள். கேள்விகள் நிற்கவில்லை. ஆனால் வேறு கேள்விகள். முன்பெல்லாம், 'இந்த இடத்தில் ஏதும் குறை இருக்கிறதா, என் கட்சிக்காரர் வாங்கலாமா?' என்று கேட்பார்கள். இப்போது, 'குறை உள்ள இடம் எங்கே இருக்கிறது?' என்று கேட்டார்கள்.

அது புதிதாகக் கிளம்பியிருந்த ஒரு தொழில். பத்திரத்தில் விட்டுப்போன வாரிசு யாராவது இருந்தால் தேடிப் பிடித்து, அவர்கள் கையில் கொஞ்சம் திணித்து, உரிமையை எழுதி வாங்கிக்கொள்வது. பிறகு அந்த இடத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறவர்கள் மேல் பாகப்பிரிவினை வழக்குப் போடுவது. வீட்டுக்காரன் பயந்து பேரத்துக்கு வருவான்.

வீட்டுக்கு வந்ததும் எமில்டா கைபேசியில் செல்லக்கனி என்று தேடினாள். இரண்டே இடத்தில் அந்தப் பெயர் இருந்தது. ஒன்று இன்று காலையில் அவள் படித்தது; இரண்டு நாளுக்கு முன்பே வந்து கிடந்திருக்கிறது. மற்றது குழுவின் ஆரம்ப வருஷங்களில் வந்தது. மாப்பிள்ளையூரணியில் மனை வாங்கப்போன ஒருவருக்காக ஒரு வக்கீல் கேட்டிருந்தார். அய்யாக்குட்டிக்கு இரண்டு மகன்கள் என்று வாரிசுச் சான்று சொல்கிறது, சரிதானா என்று. செல்லப்பாண்டி பதில் எழுதியிருந்தார்: 'தவறு. அவருக்கு ஒரு மகள் உண்டு. பெயர் செல்லக்கனி. எங்கள் தெரு. உப்பளத்தில் வேலை செய்தவரைக் கட்டிக்கொண்டு போனதால் அண்ணன்மார் சேர்க்கவில்லை. கையெழுத்து இல்லாத நிலம். வாங்க வேண்டாம்.' பாராட்டுகள் குவிந்திருந்தன. அவற்றின் நடுவே, கை தட்டும் படத்தோடு எமில்டாவின் பெயரும்.

அந்த மனையை வக்கீலின் கட்சிக்காரர் வாங்கவில்லை. குழுவில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லாத மற்றவர்கள் வாங்கினார்கள். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ஒரு பள்ளிக்கூட டீச்சர். இப்போது அங்கே ஒரு தெருவே இருக்கிறது.

செல்லப்பாண்டியின் கடையில் இப்போது ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு கம்ப்யூட்டரும் இருந்தன. எமில்டா கைபேசியை அவர் முன்னால் நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி வாசித்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இந்தப் பேரு இவனுக்கு எப்படிக் கெடச்சுது அண்ணாச்சி? அன்னைக்கு இருந்தவுகளுக்குத்தான தெரியும்? புதுசா வந்தவனுக்குப் பழசு தெரியாதுல்லா?"

அவர் மெஷினிலிருந்து வெளியே வந்த தாள்களைத் தட்டி அடுக்கினார். "சிவப்பிரகாஷ்னு ஒருத்தன் வந்தான். படிச்ச பைய. நம்ம பேச்சு பூராத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் வாரமாரி செஞ்சு தாரேன்னான். புதுசா தொழிலுக்கு வாரவனுக்கு உதவுமேன்னு குடுத்தேன்."

"பூராத்தையுமா?"

"ஆரம்பத்துலருந்து."

இந்த நிலத்தில் இந்தக் குறை, அந்த வீட்டில் அந்த வாரிசு விட்டுப்போச்சு, வாங்காதே, வாங்காதே என்று ஆட்களைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னவை எத்தனை! அத்தனையும் இப்போது வேட்டைக்காரன் கையில் தடம் காட்டும் படமாகிவிட்டது.

"அது எல்லாரும் நம்பிப் பேசுன பேச்சு. உங்க சொத்தா அது?"

"எஞ்சொத்து இல்ல. உங்க சொத்தும் இல்ல வக்கீலம்மா. அதுக்கு யாரு பேருல பட்டா இருக்கு, சொல்லுங்க?" குரல் உயர்ந்தது. வாசலில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தணித்தார். "இப்படி வரும்னு நான் நெனைக்கல. ஆண்டவன் மேல சத்தியமா நெனைக்கல."

நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அந்த அம்மா இருக்காவளா?"

"இருக்கு. முள்ளக்காட்டு உப்பளத்துல. புருசன் போய்ட்டான். மக வீட்டுல இருக்கு" என்றார், உடனே, யோசிக்காமல்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துறைமுகச் சாலையில் போகும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. அவருக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. உப்பு ஏற்றிய லாரிகள் அவளைத் தாண்டிப் போயின. அவரைத் திட்ட வாயெடுத்த மனம் பாதியில் நின்றது. அந்தப் பெண் எங்கே என்று தான் ஒரு நாளாவது கேட்டோமா என்று யோசித்தாள். கேட்டதில்லை.

உப்பளத்தில் காலை வேலை முடியும் நேரம். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே பெண்கள் தொட்டித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். செல்லக்கனியை யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. கூப்பிட்டதும் நிமிர்ந்தாள். ஒல்லியான, அறுபதைத் தொடும் பெண். வெளிச்சம் தாங்காமல் கண்களை இடுக்கியே வைத்திருந்தாள். கொட்டகை நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நேத்து ஒரு ஆளு மருமவன்ட்ட வந்துட்டுப் போனாவ" என்றாள் செல்லக்கனி. "எங்கப்பா எடத்துல பழைய கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சாம். ஞாயித்துக்கெழம கார்ல வந்து கூட்டிட்டுப் போறோம், போட்டுக்குடுங்கன்னாவ. மருமவன் சரின்னுட்டான். நீங்க அவுக ஆளா?"

"இல்லக்கா. போடாதியன்னு சொல்லத்தான் வந்தேன்."

எமில்டா விளக்கிச் சொன்னாள். அப்பாவின் நிலத்தில் அண்ணன்களைப் போலவே அவளுக்கும் பங்கு உண்டு என்பதை. வாரிசுச் சான்றில் அவள் பெயரை விட்டுவிட்டார்கள் என்பதை. இப்போது அங்கே வீடுகள் இருக்கின்றன என்பதை. வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும், ஜெயிப்போம் என்று உறுதியும் சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. செல்லக்கனி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு எம்பேரு எப்படிம்மா தெரியும்?"

எமில்டா குழுவைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது.

"அப்பம் ரொம்ப வருசத்துக்கு முன்னாலேயே எம்பேரு அதுல வந்துட்டுது."

"ஆமா."

"நெறையப் பேரு வாசிச்சிருப்பாவ."

"எரநூறு பேருக்கு மேல."

"படிச்சவுகளா?"

"படிச்சவுகதான்."

செல்லக்கனி காலில் ஒட்டியிருந்த உப்பை நகத்தால் சுரண்டினாள். "ஒரு ஆளுக்கும் எங்கிட்ட வந்து சொல்லணும்னு தோணலையோ?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எமில்டா அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். வாங்குகிறவன் அவர்களுடைய கட்சிக்காரன். அவனைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றியதற்காகக் கை தட்டிக்கொண்டார்கள். செல்லக்கனி அவர்களுக்கு ஒரு ஆளாகவே தெரியவில்லை. ஒரு நிலத்தின் குறையாகத் தெரிந்தாள். காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வருவதற்கு முன்னால், எல்லாம் சுத்தமாக இருந்ததாக எமில்டா நினைத்து ஏங்கிய அந்தக் காலத்தில் நடந்தது இது.

"தோணல அக்கா" என்றாள். "எனக்கும் தோணல."

கொட்டகைக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வந்து நின்றது.

"யாரும்மா அதுல எம்பேர எழுதுனது?"

"செல்லப்பாண்டின்னு. பத்திரம் எழுதுவாவ."

"நம்ம தெருப் பாண்டியா?" இடுங்கிய கண்கள் முதல் முறையாக விரிந்தன. "என்னன்னு எழுதியிருந்தான்? அப்படியே சொல்லுங்க."

எமில்டா கைபேசியைப் பார்த்து வாசித்தாள். "தவறு. அவருக்கு ஒரு மகள் உண்டு. பெயர் செல்லக்கனி. எங்கள் தெரு."

"இன்னொரு மட்டம் வாசிங்க."

வாசித்தாள். செல்லக்கனி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "எங்க அண்ணமாரு இல்லன்னு எழுதுனாவ. அப்பா செத்ததக்கூட எனக்குச் சொல்லி விடல. இவன் உண்டுன்னு எழுதியிருக்கான் பாருங்க" என்றாள். பிறகு, "நான் அந்த எடத்த ஒருக்கப் பாக்கணும். பாத்துட்டுத்தான் எதுவும் சொல்லுவேன். அதுவரைக்கும் எனக்காவ நீங்களே பேசுங்கம்மா" என்றாள்.

அன்று பிற்பகல் எமில்டா குழுவில் எழுதினாள். 'அய்யாக்குட்டி மகள் செல்லக்கனி உயிருடன் இருக்கிறார். அவருக்கு நான் வக்கீல். அவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ கையெழுத்துக் கேட்டு யாரும் போகக் கூடாது. நம் பழைய பேச்சுகள் வெளியே போய்விட்டன. அதில் பெயர் வந்த ஒவ்வொருவரையும் நாமே தேடிப்போய், அவர்களுக்கு உள்ள உரிமையைச் சொல்லிவிட வேண்டும். அன்றே செய்திருக்க வேண்டியது அது.'

வாசித்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தது. பதில் இல்லை. ஒருவன் மட்டும், 'மேடம் கேஸ் பிடிக்கிறாங்க' என்று எழுதிச் சிரிக்கும் முகம் போட்டான். அதற்கு இன்னும் சிலர் சிரித்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அவள் அந்தக் குழுவில் இல்லை. செல்லப்பாண்டி நீக்கியிருந்தார்.

அவரே கூப்பிட்டார். "நாந்தான் எடுத்தேன் வக்கீலம்மா. உள்ள வச்சிருந்தா அசிங்கமாப் பேசுவானுவ. அத நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"குழுவையே கலைச்சிருக்கலாமே அண்ணாச்சி."

"அதுல செத்தவுகல்லாம் இருக்காவ" என்றார். அவள் போனை வைத்துவிட்டாள். அது இரக்கமா கோழைத்தனமா என்று வெகுநேரம் யோசித்துப் பார்த்தாள். அவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், கார் வருவதற்கு முன்னால், அவள் முள்ளக்காட்டுக்குப் போய்ச் செல்லக்கனியைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். மருமகன் வாசலில் நின்று முறைத்தான். மகள் அம்மாவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டாள்.

மாப்பிள்ளையூரணியில் அந்தத் தெரு நேராக இருந்தது. இரண்டு பக்கமும் வெளிர்பச்சையும் மஞ்சளும் அடித்த வீடுகள். சில இன்னும் பூசப்படாமல் செங்கல்லாக நின்றன. ஒரு வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும் வாசனை. சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் விலகி வழி விட்டார்கள். செல்லக்கனி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நொடி நின்றாள்.

நடுவில் ஒரு வீட்டுப் பெண், ஈரத்தலையில் துண்டு கட்டியவள், குழாயைப் பிடித்து வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "யாரப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

இந்த வீட்டுக்காரிக்கும் யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

"யாரையும் இல்ல தாயி" என்றாள் செல்லக்கனி. "வீடு நல்லா இருக்கு."

"லோன் போட்டுக் கட்டுனது. எம்புட்டுக் கஷ்டம்ங்கிய" என்று அந்தப் பெண் சிரித்தாள். "நிக்கியளே, உள்ள வாங்க. வெயிலு."

செல்லக்கனி உள்ளே போகவில்லை. குழாயிலிருந்து வழிந்த தண்ணீர் வாசலைத் தாண்டி, சரிவைத் தேடி மண்ணில் இறங்கியது. கொஞ்ச தூரம் ஓடி, சுவரோரம் நட்டிருந்த முருங்கைக் கன்றை எட்டாமல், கல் குவியலில் முட்டித் தேங்கியது. செல்லக்கனி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா" என்றாள் எமில்டா மெல்ல. "என்ன செய்யலாம்?"

"மொதல்ல இவுக கன்னு பொழைக்கட்டும்" என்றாள். செல்லக்கனி சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்து, வெடித்த வலது குதிங்காலை ஈர மண்ணில் ஊன்றி, ஒரே இழுப்பில் ஒரு வாய்க்கால் கீறினாள். தேங்கிய தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு திரும்பி, அவள் கால் போட்ட தடத்திலேயே கன்றின் தூரை நோக்கி ஓடத் தொடங்கியது.